யூனிஃபார்மா, டிரஸ் கோடா, சொந்த விருப்பமா? கல்லூரிப் பிள்ளைகளின் உடை பற்றி ஓர் ஒப்பீடு

எங்கள் கல்லூரியில் வருகிற ஜூன் முதல் மாணவர்கள் என்ன உடுத்தி வரவேண்டும் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள் 5 பேர், பெற்றோர் 2 பேர், மாணவர்கள் 2 பேர். அந்த ஐந்தில் நானும் ஒருத்தி. 22 வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். அதில் 7 வருடம் ஒழுங்குக் குழுவில் இருந்து காலை எட்டரைக்குக் கேட்டில் நின்றிருக்கிறேன். நெல்லைச் சீமையில் ஒரு சின்ன ஊர்க் கலைக் கல்லூரி இது. பிள்ளைகள் பெரும்பாலும் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

மேசையில் 3 யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, பள்ளிக்கூடம் போலவே தினமும் யூனிஃபார்ம். இன்னொன்று, ‘இதைப் போடலாம், இதைப் போடக் கூடாது’ என்று பட்டியல் போட்ட டிரஸ் கோட். இப்போது நடப்பில் இருப்பது இதுதான். கடைசியாக, ஐடி கார்டு மட்டும் கட்டாயம், உடை அவரவர் விருப்பம். மூன்றையும் எடைபோட்டு எழுதித் தரச் சொன்னார் முதல்வர். எழுத உட்கார்ந்தபோது நான்காவதாக ஒரு வழியும் தென்பட்டது. இதே கேள்வி வேறு பல கல்லூரிகளிலும் ஓடுவதால், குழுவுக்குக் கொடுத்ததை விரித்து இங்கே எழுதுகிறேன்.

“எந்த முறையில படிச்சா பிள்ளைங்க பக்குவமா வெளியே போவாங்க?” இதுதான் முதல்வர் கேட்ட கேள்வி. பக்குவம் என்பதைச் சோற்றுக்கும் சொல்கிறோம், ஆளுக்கும் சொல்கிறோம். சோற்றை ஒரு பருக்கையாவது எடுத்து நசுக்கிப் பார்த்தால்தான் பதம் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் இருந்து சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை பொட்டலம், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரைக்காரர் என்று ஒரு 80 பக்க நோட்டில் எழுதி, ஆள் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவன் ஒரு பி.காம். மாணவன். அதற்கு முந்தின மாதம்தான் காலர் இல்லாத டீ-ஷர்ட் போட்டிருக்கிறான் என்று அவனைக் கேட்டிலிருந்து நான் திருப்பி அனுப்பியிருந்தேன். மண்டபத்திலும் அதே டீ-ஷர்ட்தான் போட்டிருந்தான். நான் எதை வைத்து அவனை அளந்தேன் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. இந்த ஒப்பீட்டை அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எடைபோட எனக்கு 4 விஷயங்கள் வேண்டும். வீட்டுக்கு ஆகும் செலவு, சாதியும் வசதியும் உடையில் தெரியாமல் இருப்பது, பெண்பிள்ளைகள் கூனிக் குறுகாமல் நடமாடுவது, தானாக முடிவெடுக்கிற பழக்கம். கடைசியதற்கு நான் கூடுதல் எடை தருகிறேன். 12-ம் வகுப்பு வரை இவர்கள் பிறந்தநாளைக்கு மட்டுமே கலர் டிரஸ் போட்டவர்கள். கல்லூரியில் சேர்ந்த சில மாதத்தில் 18 முடிகிறது. 1989-ல் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த நாடு இது. சட்டமன்றத்துக்கு யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்யத் தெரிந்த பிள்ளைக்குக் காலையில் எந்தச் சட்டையைப் போடுவது என்று முடிவு செய்யத் தெரியாது என்றால், அந்தக் குறை எங்கே வந்தது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

தினமும் யூனிஃபார்ம்

இதைக் கேட்கிறவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தமிழ்நாட்டில் சீருடை ஏழைப் பிள்ளையின் பக்கம் நின்று வந்த ஒன்று. காமராசர் காலத்தில் மதியச் சோறும் சீருடையும் சேர்ந்துதான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்தன. இன்றும் சத்துணவு சாப்பிடுகிற 1 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு வருடத்துக்கு 4 செட் இலவசமாகக் கொடுக்கிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் பெண்கள் அதைத் தைக்கிறார்கள். என்னிடம் படிக்கும் ஒரு மாணவியின் அம்மாவுக்கு அந்தத் தையல்தான் வருமானம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு: கையில் கட்டுகிற கயிறு. நிறத்தைப் பார்த்தால் சாதி தெரியும். 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய சைக்கிளில் வரக் கூடாது என்று அதில் பரிந்துரை இருக்கிறது.

அந்தப் பரிந்துரையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இங்கே பள்ளிப் பிள்ளைகள் சீருடையில்தான் இருந்தார்கள். சட்டையெல்லாம் ஒரே நிறம் ஆனதும் சாதி மணிக்கட்டுக்கு நகர்ந்தது, பிறகு சைக்கிளுக்கு நகர்ந்தது. 12 வருடம் சீருடை போட்டும் போகாத ஒன்று இன்னும் 3 வருடம் போட்டால் போய்விடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. கயிற்றைத் தடுப்பது ஒரு வேலை, யூனிஃபார்ம் போடச் சொல்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

வசதியும் அப்படித்தான். துணி ஒன்றானால் ஷூவிலும் போனிலும் தெரியும். குழுவில் இருக்கிற பெற்றோரில் ஒருவர் பீடி சுற்றுகிற அம்மா. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “யூனிஃபார்ம்னா நல்லதுதான் மேடம், காலையில என்னத்தப் போடன்னு பிள்ள நிக்க வேண்டாம்லா. ஆனா காலேஜ் பேரு போட்ட துணிய வேற எங்கயும் போட்டுட்டுப் போக முடியாது. அதுக்கு ரெண்டு செட்டு தனியாக் காசு போடணும். நல்லது கெட்டதுக்கு வேற எடுக்கணும்.” இரண்டு பக்கத்தையும் மூன்றே வரியில் வைத்துவிட்டார்.

மதம் சார்ந்த உடை இருக்கிற இடத்தில் யூனிஃபார்ம் இன்னும் சிக்கலாகும். 2022-ல் கர்நாடகத்தில் ஹிஜாப் விவகாரம் மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போய், அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் வெவ்வேறு தீர்ப்பு சொல்வதில் வந்து நின்றது. நடுவில் தேர்வு எழுதாமல் வீடு திரும்பிய பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் கல்லூரியிலும் முக்காடு போட்டு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். எந்த யூனிஃபார்ம் வந்தாலும் அதே நிறத்தில் தலைத்துணிக்கு இடம் இருக்கவேண்டும் என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

மிடுக்காக உடுத்தினால் மனமும் மிடுக்காகும் என்று குழுவில் ஒருவர் 2012-ல் வந்த ஓர் ஆய்வைக் காட்டினார். டாக்டர் கோட் என்று சொல்லிக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டவர்களுக்குக் கவனம் கூடியது என்று அதில் கண்டார்கள். 2019-ல் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிரஸ் கோட்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2005-ல். அண்ணா பல்கலைக்கழகம் அதன்கீழ் இருந்த பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ், டீ-ஷர்ட், ஸ்லீவ்லெஸ், இறுக்கமான உடை கூடாது என்று அறிவித்தது. அதைப் பார்த்து, கேட்காத கல்லூரிகளும் பட்டியல் போட்டன. எங்கள் கல்லூரிப் பட்டியல் தொடங்கும்போது 11 வரி. இப்போது 27 வரி. இந்தக் கட்டுரைக்காக எண்ணிப் பார்த்தேன்: அதில் 18 வரி பெண்பிள்ளைகளுக்கு மட்டும்.

போன வருடம் பிப்ரவரியில் ஓர் இன்டர்னல் பரீட்சை நாள். 6.40 பஸ்ஸில் வருகிற ஒரு மாணவி. லெகிங்ஸ் இல்லை, சாதாரண சுடிதார்தான். ஷாலை இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும் என்பது எங்கள் விதி. பஸ் கூட்டத்தில் ஒரு பின் கழன்று விழுந்துவிட்டது. டாப்ஸும் முட்டிக்கு நாலு விரல் மேலே நின்றது. போன வருடம் தைத்தது, பிள்ளை வளர்ந்துவிட்டாள். வாட்ச்மேன், நான், இன்னொரு ஆசிரியர் மூன்று பேரும் அவள் முன்னால் நின்று நாலு விரலா, மூணு விரலா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பையன்கள் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். “வீட்டுக்குப் போய் மாத்திட்டு வந்தா பரீட்சை முடிஞ்சிரும் மேடம்” என்றாள். “ஒன் நல்லதுக்குத்தாம்மா சொல்லுதோம்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “பஸ்ஸுல யாருமே என்னப் பாக்கல மேடம். இங்கதான் எல்லாரும் பாக்குறாங்க.” பரீட்சை அவளுக்குப் போய்விட்டது. மறு பரீட்சை வைக்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் கேட்டேன். விதியில் இடமில்லை என்றார்கள்.

உடையிலிருந்து கவனத்தைத் திருப்பத்தான் பட்டியல் போட்டோம். அன்று அந்தக் கேட்டில் இருந்த அத்தனை கண்ணையும் அவள் உடம்பின் மேல் திருப்பியது அந்தப் பட்டியல்தான். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். விதியை மாற்றாமல் கேட்ட மன்னிப்பு பாதி மன்னிப்புதான்.

பட்டியல் வேறொன்றையும் கற்றுக்கொடுக்கிறது. ஷாலைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கேட்டில் போட்டு, உள்ளே போனதும் கழற்றுவது. டீ-ஷர்ட்டுக்கு மேல் யாருடைய சட்டையையாவது வாங்கி மாட்டிக்கொண்டு நுழைந்து, ஜன்னல் வழியாக அடுத்தவனுக்கு எறிவது. வாட்ச்மேன் பார்க்காத வரைக்கும் எதுவும் தப்பில்லை என்ற பழக்கம் வேலைக்குப் போகிற இடத்துக்கும் கூடவே போகும். மூன்று வழிகளில் பக்குவத்துக்கு அதிகக் கெடுதல் செய்வது இதுதான் என்று நான் நினைக்கிறேன். செலவு குறைவு என்பது ஒன்றுதான் இதன் நல்ல பக்கம்.

சொந்த விருப்பம்

இவ்வளவு சொன்ன பிறகு நான் இதற்குத்தான் போவேன் என்று குழுவில் எதிர்பார்த்தார்கள். இரண்டு விஷயங்கள் என்னைத் தடுக்கின்றன.

முதல் விஷயம் ஒரு பையன். முதலாண்டு வரலாறு. அவனிடம் இரண்டு சட்டை. ஒன்று நீலக்கட்டம், ஒன்று சந்தன நிறம். ராத்திரி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டு மற்றதைப் போட்டு வருவான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். அவன் சட்டையில் ஒரு மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் நீலக்கட்டம் என்றைக்கு வரும் என்று நாள் சொல்லிச் சிரிப்பார்கள். மழை பிடித்துத் துணி காயாத வாரம் அவன் இரண்டு நாள் வரவில்லை. காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்தான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் வருடத்திலேயே “உன் விருப்பம்” என்று சொல்வது எட்டாத கிளையைக் காட்டிப் பறித்துக்கொள் என்று சொல்வது போல.

இரண்டாவது, கல்லூரி கையை எடுத்த இடத்தில் சீனியர்கள் கையை வைக்கிறார்கள். ஃபர்ஸ்ட் இயர் ஜீன்ஸ் போடக் கூடாது, பெல்ட் கட்டக் கூடாது, இன் பண்ணக் கூடாது என்று வாய்மொழியாக ஒரு சட்டம் ஓடும். 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு ராகிங்குக்கு எதிரான விதிமுறைகளைக் கொண்டுவந்த பிறகு இது குறைந்திருக்கிறது. ஆனால் மறையவில்லை.

பெரியவர்கள் உலகத்தில் உடை முழுக்க அவரவர் இஷ்டம் என்பதும் உண்மை கிடையாது. தலைமைச் செயலக ஊழியர்கள் என்ன உடுத்தவேண்டும் என்று 2019-ல் அரசாணையே வந்தது: பெண்களுக்குப் புடவை, சல்வார், துப்பட்டாவோடு சுடிதார், ஆண்களுக்குச் சட்டையும் ஃபார்மல் பேன்ட்டும் அல்லது வேட்டியும். அதற்கு 5 வருடம் முன்னால், 2014 ஜூலையில், பணியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியிருந்தார் என்று சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. வேட்டிக்காக ஒருவரை உள்ளே விட மறுத்தால் 1 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வெளியே விதிகள் இருக்கும். சிலது நியாயமானது, சிலதைக் கேள்வி கேட்டு மாற்ற வேண்டும். எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகின பிள்ளைதான் தேறும். விதியே இல்லாத இடத்தில் அந்தப் பழக்கம் வராது, காரணம் சொல்லாமல் விதிக்கிற இடத்திலும் வராது.

படிப்படியாக விடுவது

ஆகவே நான் எழுதிக் கொடுத்தது இது. முதலாண்டில் வாரம் 3 நாள் யூனிஃபார்ம், 2 நாள் சொந்த உடை. இரண்டாம் ஆண்டில் திங்கட்கிழமை மட்டும் யூனிஃபார்ம். மூன்றாம் ஆண்டில் யூனிஃபார்ம் இல்லை. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று வீட்டில் சொல்கிறோம். அந்தத் தோள் ஒரே நாளில் உயர்வதில்லை.

துணி எப்படி இருக்கவேண்டும் என்பதில் பீடி சுற்றுகிற அம்மா சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன். கல்லூரிப் பெயர், சின்னம் எதுவும் வேண்டாம். வெளிர்நிறச் சட்டை அல்லது குர்தா, அடர்நிறப் பேன்ட். பெண்பிள்ளைகளும் விரும்பினால் சட்டையும் பேன்ட்டும் போடலாம். கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பெண்கள் பள்ளியில் 2021 டிசம்பரிலேயே அதைச் சீருடையாக்கிவிட்டார்கள். எந்தக் கடையிலும் எடுக்கலாம், எந்தத் தையல்காரரிடமும் தைக்கலாம், இன்டர்வியூவுக்கும் அதையே போட்டுப் போகலாம். முதல் செட் துணியை முன்னாள் மாணவர் சங்கம் தரட்டும், எல்லாருக்கும், பெயர் கேட்காமல். ‘ஏழை மாணவர்களுக்கு’ என்று தனியாக மேடை போட்டுக் கொடுத்தால் நீலக்கட்டச் சட்டைப் பையன் வந்து வாங்க மாட்டான்.

27 வரிப் பட்டியலை எடுத்துவிட்டு அதிகபட்சம் 5 வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரி. வகுப்புக்கு 2 பேர் உட்கார்ந்து மாணவர்களே எழுதட்டும்; குழு பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். கெமிஸ்ட்ரி லேப் விதி இதில் சேராது. அங்கே பருத்தி கோட்டும் மூடின செருப்பும் முடிந்த கூந்தலும் கட்டாயம். பாலியஸ்டர் ஷாலில் பர்னர் தீ பிடித்தால் அது உருகித் தோலோடு ஒட்டும். அதைச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் எதிர்த்துப் பேசாது. சாதிக் கயிறும் எல்லா வருடமும் தடை. அதை யார் விருப்பத்துக்கும் விட நான் தயாரில்லை.

இனி யாரையும் கேட்டில் நிறுத்துவதும் கூடாது. சொல்ல வேண்டியது இருந்தால் வகுப்பு ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும். அட்டெண்டன்ஸிலும் பரீட்சையிலும் கை வைக்கக் கூடாது.

இதில் குறை இல்லாமல் இல்லை. ஒரே கேட்டில் மூன்று விதமாகப் பிள்ளைகள் நுழைவார்கள். யூனிஃபார்ம் பார்த்து இவன் ஃபர்ஸ்ட் இயர் என்று சீனியர்களுக்கு எளிதாகத் தெரிந்துவிடும். ராகிங் தடுப்புக் குழு முதல் 2 மாதம் கூடுதலாகக் கண்காணித்தே ஆகவேண்டும். வணிகவியல் துறைத்தலைவர் கேட்ட கேள்வியும் ஞாயமானது: “மூணாம் வருசத்துலதான் கேம்பஸ் இன்டர்வியூ வருது. அப்பப் போய் அவுத்து விடுதீங்களே?” இன்டர்வியூவுக்கு என்ன போடவேண்டும் என்று அன்றைக்குத் தானாகத் தெரிந்து வருகிற பிள்ளையைத்தானே கம்பெனிக்கு அனுப்ப ஆசைப்படுகிறோம் என்றேன். அவர் முழுதாக ஒப்பவில்லை. ஒரு வருடம் நடத்திப் பார்ப்போம், முதலாண்டுப் பிள்ளைகளின் வருகை குறைந்தால் நானே யூனிஃபார்மை 5 நாளாக்கக் கேட்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

குழுவில் இருக்கும் இரண்டு மாணவர்களில் ஒருத்தி, அன்று கேட்டில் நின்று பரீட்சையை இழந்த பெண். 5 வரியில் என்ன எழுதலாம் என்று மாதிரிக்கு யோசித்து வா என்றேன். போன வெள்ளிக்கிழமை நோட்டுத் தாளில் நாலு வரி எழுதிக் கொண்டுவந்தாள். முதல் வரி: “நனைந்து வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. காரணம், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லை.” நாலாவது வரி: “ஆசிரியர்களுக்கும் இதே விதி. காரணம், புடவைதான் கட்ட வேண்டும் என்று மேடம்களைச் சொல்கிறவர்கள்தான் எங்களையும் சொல்கிறார்கள்.” ஐந்தாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறாள், மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்காக. செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. நாலாவது வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அது இருக்கட்டும் என்றுதான் நான் கை தூக்கப் போகிறேன்.